சாலையோர ஃபெசன்ட்டிலிருந்து ஃப்ளை வரை: இறகு எடுக்கப் புதிதாக வருபவர்களுக்கு

நவம்பரில் ஒரு காலை தெற்கு இங்கிலாந்தில் சாலிஸ்பரியிலிருந்து கிளம்பி, ஏ345 சாலையில் ஆம்ஸ்பரி தாண்டி நெதரேவன் பக்கம் போனால், வழியில் எங்காவது ஒரு ஃபெசன்ட் சேவல், அதாவது கோழி இனத்து வேட்டைப் பறவை, அடிபட்டுக் கிடக்கும். பச்சைத் தலை, கழுத்தில் வெள்ளை வளையம், செம்பைத் தேய்த்து வைத்தது போன்ற மார்பு, பின்னால் ஒன்றரை அடி வால். அடுத்தடுத்து வண்டிகள் ஏறி, சாயங்காலத்துக்குள் அது தாரோடு தாராகிவிடும். அந்த வாலின் நடுவில் இருக்கும் ஒரே ஒரு இறகு போதும், ஒரு பருவம் முழுக்க மீன் பிடிக்கத் தேவையான ஃப்ளைகளைக் கட்டிவிடலாம். அதனால் அது வீணாகக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

ஃப்ளை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: தூண்டில் முள்ளின் மேல் இறகு, முடி, நூல், மெல்லிய கம்பி ஆகியவற்றைச் சுற்றிக் கட்டுகிற செயற்கைப் பூச்சி. புழு, மாவு எதுவும் வேண்டாம். ஆற்றில் இருக்கிற பூச்சி மாதிரியே அது தெரிந்தால் ட்ரவுட் மீன் வாயைத் திறக்கும். பூச்சி மாதிரி தெரிவதற்கு இன்றுவரை பறவை இறகைத் தாண்டிய பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. தண்ணீருக்குள் போனதும் இறகின் இழைகள் தானாக அசையும். அந்த அசைவு பிளாஸ்டிக்கில் வராது.

இறகு கடையிலும் கிடைக்கும், வாங்கலாம். ஆனால் முழுப் பறவை ஒன்றைக் கையில் வைத்து, எந்த இறகு உடம்பில் எங்கே இருக்கிறது, எதற்கு எது உதவும் என்று பிரித்துப் பார்த்தவருக்குத் தெரிவது, பாக்கெட் வாங்குகிறவருக்குத் தெரியாது. நான் கற்றுக்கொண்டது அப்படித்தான். அதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். தெற்கு இங்கிலாந்தை வைத்துச் சொல்கிறேன். மற்ற நாட்டில் இருப்பவர்கள் அடுத்த பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

கை வைப்பதற்கு முன்னால்: சட்டம்

பிரிட்டனில் 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி, ஒரு காட்டுப் பறவையையோ அதன் இறகையோ வைத்திருந்தால், அது சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டதில்லை என்று காட்ட வேண்டியது வைத்திருப்பவரின் பொறுப்பு. போலீஸ் வந்து நிரூபிக்கும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. சாலையில் தற்செயலாக அடிபட்டுச் செத்த பறவை என்றால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு ஏதாவது சாட்சி வேண்டும். ஃபெசன்ட், கவுதாரி வகையான பார்ட்ரிட்ஜ், க்ரவுஸ் ஆகியவற்றை இந்தச் சட்டம் வேட்டைப் பறவைகள் என்று தனியாக வைத்திருக்கிறது. வைத்திருப்பது பற்றிய இந்தக் கெடுபிடி அவற்றுக்கு இல்லை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஃபெசன்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆந்தை, பருந்து, மீன்கொத்தி, நாரை இவற்றின் பக்கமே போக வேண்டாம். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. மற்றக் காட்டுப் பறவைகளிலும் பெரும்பாலானவற்றின் இறகை விற்கவோ, விற்பதற்கென்று வைத்திருக்கவோ கூடாது.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களுக்கு நிலைமை முற்றிலும் வேறு. அங்கே 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் சட்டம் இருக்கிறது. உள்நாட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றின் ஒரு இறகைத் தரையிலிருந்து பொறுக்கினாலும் குற்றம். காக்கை இறகும் அதில் சேரும். சாலையில் அடிபட்டது என்ற காரணம் செல்லாது. வெளியிலிருந்து வந்து குடியேறிய ஸ்டார்லிங், ஊர்க்குருவி, மாடப்புறா மூன்றுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. ஃபெசன்ட்டும் வான்கோழியும் அந்தந்த மாநிலச் சட்டத்தின் கீழ் வரும், மாநில வனவிலங்குத் துறையைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இந்தியாவில், நம் ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: எடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி செத்துக் கிடக்கும் வனவுயிரும் அரசின் சொத்து. சாலையில் மயில் அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டாம்.

இவ்வளவு கடுமை எதற்கு என்று தோன்றலாம். இறகு ஆசை மனிதரை எங்கே கொண்டுபோகும் என்பதற்குச் சமீபத்திய உதாரணம் ஒன்று உண்டு. 2009 ஜூனில் லண்டனுக்கு வடமேற்கே டிரிங் என்ற ஊரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கிளையில் ஜன்னலை உடைத்து நுழைந்த ஒருவர் 299 பறவைத் தோல்களை எடுத்துப் போனார். பழைய விக்டோரியா காலத்து சால்மன் ஃப்ளைகளைக் கட்டவும், அப்படிக் கட்டுகிறவர்களுக்கு விற்கவும்தான். அறிவியலுக்காக நூற்றைம்பது வருடம் பாதுகாத்து வைத்த தோல்களும் அவற்றில் உண்டு. பலவற்றிலிருந்து லேபிளைக் கழற்றிவிட்டார்கள். எந்தக் காட்டில், எந்த வருடம் எடுத்த பறவை என்ற தகவல் போன பிறகு, தோல் திரும்பக் கிடைத்தும் ஆய்வுக்கு அது பயன்படாது. லேபிள் எவ்வளவு முக்கியம் என்பதை எனக்குப் புரியவைத்தது அந்தச் சம்பவம். கீழே லேபிள் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பழைய சால்மன் ஃப்ளைகளில் நம் ஊர்ப் பறவையும் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் விடியற்காலையில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. அதன் நுனியில் வெள்ளையும் மஞ்சளுமாக, மெழுகு சொட்டு விழுந்து காய்ந்தது போல ஒரு புள்ளி இருக்கும். அதை ஃப்ளையின் தலைக்குப் பக்கத்தில் மீன் கண் மாதிரி வைத்துக் கட்டுவார்கள். ஒரு காலத்தில் அந்தக் கழுத்துத் தோல்கள் இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக இங்கே வந்தன. இப்போது ஏற்றுமதிக்குத் தடை. இங்கேயே கூண்டில் வளர்த்த பறவைகளின் இறகு சட்டப்படி கிடைக்கிறது. இங்கிலாந்தில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் அந்த இறகை முதல் முறை பார்த்தபோது, தெரிந்த முகத்தை அந்நிய ஊரில் பார்த்த மாதிரி இருந்தது.

பறவைக் காய்ச்சல்

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். 2021 இலையுதிர் காலத்திலிருந்து பிரிட்டனில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் மோசமாகப் பரவியிருக்கிறது. செத்த பறவையைத் தொடாதீர்கள், அரசுக்குத் தெரிவியுங்கள் என்பதுதான் பொது அறிவுரை. அதனால் காரை எடுப்பதற்கு முன்னாலேயே அரசு இணையதளத்தில் உங்கள் பகுதி நிலவரத்தைப் பாருங்கள். கட்டுப்பாட்டு வளையம் போட்டிருந்தால் அந்தப் பருவம் சாலைப் பறவை வேண்டாம். நான் அப்படி முழுக் குளிர்காலத்தை விட்டிருக்கிறேன்.

வளையம் இல்லாத நாளிலும் வாத்து, அன்னம், கடற்காகம் எதையும் தொடாதீர்கள். மோதிய காயம் கண்ணுக்குத் தெரியாமல் சும்மா செத்துக் கிடக்கும் பறவையை, அது ஃபெசன்ட்டாகவே இருந்தாலும், தொடாதீர்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று கிடந்தால் தள்ளிப் போய்விடுங்கள். வீட்டில் கோழியோ கிளியோ வளர்ப்பவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குளிரில் பேனும் புழுவும் சாகும், வைரஸ் சாகாது.

இதற்கெல்லாம் மாற்று வழி ஒன்று இருக்கிறது, பலருக்கும் அதுவே போதும். அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை இங்கே ஃபெசன்ட் வேட்டைக் காலம். கிராமத்து இறைச்சிக் கடையில் போய், "வால், இறக்கை, தோல் இருந்தால் எனக்கு எடுத்து வைப்பீர்களா?" என்று கேளுங்கள். அவர்களுக்கு அது குப்பை. எங்கள் பக்கத்துக் கடைக்காரர் ஒருமுறை எட்டு வாலை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. கீழே சொல்லும் வேலையெல்லாம் அந்த வாலுக்கும் அப்படியே பொருந்தும்.

காரில் இருக்க வேண்டியவை

ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் இவற்றைப் போட்டு டிக்கியில் வைத்துவிடுங்கள்: ஒருமுறை போட்டுத் தூக்கியெறியும் கையுறை ஒரு கட்டு, முகக்கவசம், தடிமனான குப்பைப் பைகள், ஜிப் வைத்த பைகள், அழியாத மார்க்கர் பேனா, கை கழுவும் திரவம், பளிச்சென்று தெரியும் மஞ்சள் மேல்சட்டை. கடைசியில் சொன்னதுதான் உங்கள் உயிரைக் காப்பாற்றும்.

சாலையோரத்தில்

நெடுஞ்சாலையில், அதாவது மோட்டார்வேயில், நிறுத்தவே கூடாது. வளைவிலும் மேட்டிலும் நிறுத்தக் கூடாது. வண்டி முழுதாக ஒதுங்க இடம் இருந்தால் மட்டும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அந்தப் பறவை உங்களுக்கானது இல்லை என்று விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் இன்னொன்று கிடக்கும். கோடிக்கணக்கான ஃபெசன்ட்களைக் கூண்டில் வளர்த்து ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் வெளியே விடுகிற நாடு இது. காரைப் பார்த்தால் ஒதுங்க வேண்டும் என்று அவற்றுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இந்தப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு: அடித்தவர் எடுக்க மாட்டார், பின்னால் வருகிறவர் எடுப்பார். இறைச்சிக்காகவும் இறகுக்காகவும் யாரும் வேண்டுமென்றே மோதிவிடக் கூடாது என்ற எண்ணம். நானும் அப்படியே நடக்கிறேன்.

பறவையைத் தொடுவதற்கு முன் கிடக்கிற இடத்திலேயே ஒரு படம் எடுங்கள். சாலை தெரிய வேண்டும். தேதியும் இடமும் படத்திலேயே பதிவாகிவிடும், இதுதான் உங்கள் சாட்சி.

அப்புறம் கண்ணைப் பாருங்கள். கண் உருண்டையாக, ஈரமாக மின்னினால் இன்று காலையில் செத்தது. குழி விழுந்து மங்கியிருந்தால் ஒரு நாளைத் தாண்டிவிட்டது. குளிர்காலத்தில் அதுவும் பரவாயில்லை. அடுத்து வயிற்றுப் பக்கம் இறகை விலக்கித் தோலைப் பாருங்கள். பச்சை படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். கடைசியாக, முதுகில் ஒரு இறகைப் பிடித்து லேசாக இழுங்கள். தோலோடு சேர்ந்து கூடாரம் மாதிரி எழும்பி, பிறகு பட்டென்று வந்தால் நல்ல தோல். தொட்டதுமே கையோடு வந்துவிட்டால் தோல் அழுக ஆரம்பித்துவிட்டது, அதைக் காயவைத்தாலும் இறகு நிற்காது. அப்படிப்பட்ட பறவையிலும் வால் நன்றாக இருந்தால் வாலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பருவமும் முக்கியம். செப்டம்பரில் நிறையக் கிடக்கும், ஆனால் இளம் பறவைகள். இறகின் அடிக்காம்பு நீலம் கலந்த கருப்பாக, உள்ளே ரத்தத்தோடு இருக்கும். காய்ந்தால் சுருங்கிவிடும். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை கிடைப்பதுதான் முற்றிய இறகு.

இரண்டு பையில், ஒன்றுக்குள் ஒன்றாக, தலையை முதலில் விட்டு வாலை மடக்காமல் போடுங்கள். வால் ஒருமுறை மடங்கினால் அந்த மடிப்பு போகாது.

வீட்டில்: முதலில் ஃப்ரீசர்

பறவை குளிர்ந்ததும் அதன் மேலிருக்கும் பேன்களும் தட்டை ஈக்களும் வேறு இடம் தேடி இறங்கும். அதனால் வந்தவுடன் வெட்ட உட்காராதீர்கள். பையோடு ஃப்ரீசரில் வையுங்கள், மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். சாப்பாடு வைக்கும் ஃப்ரீசரில் வேண்டாம். கராஜில் பழையது ஒன்று இருந்தால் நல்லது. பை மேல் தேதி, சாலை, ஊர் எழுதுங்கள்.

பிரித்தெடுத்தல்

முந்தின இரவே வெளியே எடுத்து உருகவிடுங்கள். வேலையைக் கராஜிலோ தோட்டத்திலோ செய்யுங்கள், சமையலறையில் செய்யாதீர்கள். செய்தித்தாள் விரித்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தெளிப்பானில் தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திர சோப்பும் கலந்து பறவை மேல் தெளியுங்கள். காய்ந்த இறகிலிருந்து பறக்கும் தூசியைச் சுவாசித்தால் கிளிக்காய்ச்சல் என்ற நுரையீரல் நோய் வரக்கூடும். நனைத்துவிட்டால் தூசி கிளம்பாது.

முழுத்தோலை உரிக்க வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் முதல் நாளே வரும். வேண்டாம். முதல் பறவையில் வால், இரண்டு இறக்கை, பிறகு முதுகிலும் கழுத்திலும் பிடுங்கிய இறகுகள், இவ்வளவு போதும். பிடுங்கிய இறகில் தசையோ கொழுப்போ இருக்காது, அதனால் பதப்படுத்தும் வேலையே இல்லை.

வாலில் 18 இறகுகள். நடுவில் உள்ள இரண்டும்தான் மிக நீளம். ஒவ்வொன்றாக, காம்பு தோலுக்குள் நுழைகிற இடத்திலேயே பிடித்து, இறகு போகிற திசையிலேயே நேராக இழுங்கள். மேலே பிடித்து இழுத்தால் இழைகள் கலைந்துவிடும். நடு இறகு வர மறுக்கும். இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்தால் வந்துவிடும்.

இறக்கையை உடம்பிலிருந்து இரண்டாவது மூட்டில், அதாவது நம் முழங்கைக்குச் சமமான இடத்தில், கத்தரியால் வெட்டுங்கள். அதற்கு மேலே இருப்பது வெறும் தசை. வெட்டிய முனையில் இருக்கும் சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு, தூள் உப்பை அழுத்தி நிரப்புங்கள். இறக்கையை விரித்து அட்டையில் குண்டூசி குத்திக் காற்றோட்டமான, வெயில் படாத இடத்தில் மூன்று வாரம் வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஈரமான உப்பைத் தட்டிவிட்டுப் புது உப்பு வையுங்கள். கருவாடு போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மிச்ச உடம்பை இரண்டு பையில் கட்டிப் பொதுக் குப்பையில் போடுங்கள். புதைத்தால் நரி தோண்டிவிடும். கருவிகளைச் சுடுதண்ணீரில் கழுவி, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், போட்டிருந்த துணியைத் துவைக்கப் போடுங்கள்.

கழுவுதல், காயவைத்தல்

பிடுங்கிய இறகுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்புக் கரைத்து ஊறவிடுங்கள். காம்பிலிருந்து நுனி வரை ஒரே திசையில் விரலால் உருவிவிடுங்கள். தண்ணீர் பழுப்பாகும். தெளியும் வரை மூன்று நான்கு முறை மாற்றுங்கள். இந்த நேரத்தில் பார்த்தால் நனைந்த பூனை மாதிரி இருக்கும், எல்லாம் பாழ் என்று தோன்றும். பயப்படாதீர்கள். பழைய துண்டில் ஒற்றியெடுத்து, முடி உலர்த்தும் கருவியைக் குளிர் காற்றில் வைத்து ஊதுங்கள். ஐந்து நிமிடத்தில் இழைகள் ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொண்டு இறகு பழையபடி விரியும். எத்தனை முறை செய்தாலும் இந்த ஒரு நிமிடத்துக்காக நான் காத்திருப்பேன்.

எந்த இறகு எதற்கு

இதில்தான் சுகமே இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சேவலின் நடு வால் இறகை ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவே பழுப்பும் கருப்புப் பட்டையுமாக இருக்கும், ஓரத்துக்குப் போகப் போகச் செம்மண் சிவப்பாகும். அந்தச் சிவந்த இழைகள்தான் வேண்டும். ஒரு இழையைத் தனியே பிரித்துக் கண்ணருகே வைத்தால், அதன் மேல் இன்னும் நுண்ணிய மயிர் சிலிர்த்து நிற்பது தெரியும். முள்ளில் சுற்றும்போது அந்த மயிர்தான் பூச்சியின் செவுள் போலத் தண்ணீரில் அசையும். கருப்புப் பட்டை இருக்கும் இழைகளையும் எறிய வேண்டாம், கருநிறப் பூச்சிகளுக்கு ஆகும்.

முதுகின் மேல்பகுதியில், தோள் பக்கம், வெளிர் நிறத்தைச் சுற்றிக் கருப்புக் கோடு வளைந்து, அதைச் சுற்றிச் செம்பழுப்பு விளிம்பு ஓடும் இறகுகள் இருக்கும். இங்கே அதைத் தேவாலய ஜன்னல் என்றே அழைக்கிறார்கள், பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். இடுப்புப் பக்கம் நீலமும் பச்சையும் சாம்பலும் மாறி மாறி மின்னும் நீண்ட மெல்லிய இறகுகள், ஈர ஃப்ளைகளுக்கு, அதாவது தண்ணீருக்குள் மூழ்கவிடும் ஃப்ளைகளுக்கு, கழுத்தில் சுற்ற நல்லவை.

உடம்பு இறகு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். காம்பின் அடியில், பெரிய இறகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி இறகு இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைப் பிய்த்து எறிந்துவிடுவார்கள். அதில் கொக்கிகள் இல்லாததால் புகை மாதிரி மென்மையாக இருக்கும். தண்ணீரில் மூச்சுவிடுவது போல் விரியும் சுருங்கும். பூச்சிக் குஞ்சின் செவுளுக்கு இதை விட நல்ல பொருளைக் கடையில் நான் வாங்கியதில்லை. உடையும் தன்மை அதிகம், கவனமாகப் பிடியுங்கள்.

பெட்டைக்குச் சேவலின் பளபளப்பு இல்லை என்று பலர் விட்டுவிட்டுப் போவார்கள். அதன் இறக்கை இறகு மார்ச் பிரவுன் என்ற ஈர ஃப்ளைக்கு இறக்கையாகும். நடு வால் இறகு இன்விக்டா என்ற ஃப்ளைக்கு ஆகும். எனக்குப் பெட்டை கிடைத்தால் சேவல் கிடைத்ததை விடச் சந்தோஷம்.

சாம்பல் பார்ட்ரிட்ஜ் இப்போது அரிது. கிடைத்தால் முதுகு, கழுத்து இறகுகளை ஒன்றுவிடாமல் எடுங்கள். ஆரஞ்சுப் பட்டு நூலும் அந்தப் பழுப்பு இறகும் இருந்தால் யார்க்ஷயர் பக்கத்து பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு கட்டிவிடலாம்.

வைத்துக் காப்பாற்றுதல்

என் முதல் வருடத்தில் நான்கு இறக்கைகளை ஒரு காலணிப் பெட்டியில் வைத்து அலமாரிக்குள் தள்ளிவிட்டேன். ஏப்ரலில் திறந்தபோது தண்டுகளும் கொஞ்சம் மண் போன்ற தூளும்தான் இருந்தன. அந்துப்பூச்சிப் புழு. அதோடு பக்கத்தில் இருந்த வாங்கிய கோழிக் கழுத்துத் தோலும் போனது. அந்த நாளிலிருந்து புதிதாக எது வந்தாலும், காய்ந்த பிறகு ஜிப் பையில் போட்டு மறுபடி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைக்கிறேன். பிறகு ஒரு நாள் வெளியே, பிறகு மறுபடி ஒரு வாரம். முதல் குளிருக்குத் தப்பிய முட்டை பொரிந்தாலும் இரண்டாவது குளிரில் போய்விடும். அதன் பிறகுதான் மற்றவற்றோடு சேர்ப்பேன். ஒவ்வொரு பறவைக்கும் தனிப் பை. உள்ளே ஒரு துண்டு அட்டை: பறவையின் பெயர், ஆணா பெண்ணா, தேதி, சாலை, அருகில் உள்ள ஊர், படத்தின் எண்.

முதல் ஃப்ளை

இருபதாம் நூற்றாண்டில் பல பத்து வருடங்கள் இதே நெதரேவன் பகுதியில் ஏவன் ஆற்றின் காவலராக இருந்த ஃப்ராங்க் சாயர் உருவாக்கியதுதான் ஃபெசன்ட் டெய்ல் நிம்ஃப். நீருக்கடியில் மேலே எழும்பப் போகும் ஆலிவ் பூச்சியின் இளம் பருவம் அது. இரண்டே பொருள்: ஃபெசன்ட் வால் இழை, மெல்லிய செப்புக் கம்பி. நூலே கிடையாது. கம்பியே நூலாகவும் இருக்கும், ஃப்ளையை மூழ்கடிக்கும் எடையாகவும் இருக்கும்.

14ஆம் எண் முள்ளை வைஸில், அதாவது முள்ளை இறுகப் பிடிக்கும் கருவியில், மாட்டுங்கள். செப்புக் கம்பியை முள்ளின் கண்ணுக்குப் பின்னாலிருந்து வளைவு தொடங்கும் இடம் வரை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு போங்கள். முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கில் நாலைந்து சுற்றுக் கூடுதலாகச் சுற்றி ஒரு சிறு திமில் செய்யுங்கள். அது நெஞ்சு. கம்பியைப் பின்முனைக்குக் கொண்டு வாருங்கள்.

வால் இறகில் நான்கு இழைகளின் நுனியைச் சமமாக்கி, தண்டுக்குச் செங்குத்தாக நிறுத்தி, ஒரே இழுப்பில் பிரித்தெடுங்கள். நுனி மூன்று மில்லிமீட்டர் பின்னால் நீட்டிக்கொண்டு இருக்கும்படி கம்பியால் கட்டுங்கள். அதுதான் பூச்சியின் வால். இப்போது இழைகளையும் கம்பியையும் சேர்த்துக் கயிறு திரிப்பது போல மூன்று நான்கு முறை முறுக்குங்கள். முறுக்கியதை முள்ளின் மேல் கண் வரை சுற்றிக்கொண்டு போங்கள். முறுக்காமல் சுற்றினால் முதல் மீனின் பல்லிலேயே இழை அறுந்துவிடும்.

கண்ணருகே வந்ததும் கம்பியைப் பிரித்து, திமிலுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். இழைகளைத் திமிலின் மேலாகப் பின்னால் மடக்கிக் கம்பியால் இரண்டு சுற்று. கம்பியை முன்னால் கொண்டு வந்து, இழைகளை மறுபடி முன்னால் மடக்கி இரண்டு சுற்று. தேவைப்பட்டால் இன்னொரு முறை. இறக்கை முளைக்கப்போகும் கருத்த மேடு அது, ட்ரவுட் அதைத்தான் பார்க்கும். கண்ணுக்குப் பின்னால் கம்பியை நான்கைந்து முறை சுற்றி, முடிச்சுப் போட்டு, மீதிக் கம்பியை ஆட்டி முறித்துவிடுங்கள். கத்தரியால் வெட்டினால் கத்தரி மழுங்கும்.

முதல் மூன்று ஃப்ளை தடிமனாகத்தான் வரும். நான்காவதில் இழையை நான்கிலிருந்து மூன்றாகக் குறைத்துப் பாருங்கள், உருவம் சட்டென்று ஒல்லியாகிவிடும். மீதி இழைகளைத் தண்டிலிருந்து முன்கூட்டியே பிரித்து வைக்க வேண்டாம், தண்டிலேயே இருந்தால்தான் நுனி சமமாக இருக்கும். இறகை நுனி மடங்காமல் அதன் பையிலேயே திரும்ப வைத்து, அட்டை உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஜிப்பை மூடுங்கள்.